பொழுதுபோக்குக் கணக்கில் ஒரு செம்மறியாடு

எதிர்வீட்டு முராத்தலி இறந்த அன்று என் அண்ணி சைராகூல் ஒரு செம்மறியாட்டை இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் கட்டினாள். மொய்ப்பணத்தைக் கொடுத்தாள். கூடாரத்துக்குள் பெண்களோடு உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை ஒப்பாரி வைத்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஒரு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுச் செல்போனை எடுத்தாள். ஆட்டையும் மொய்யையும் "பொழுதுபோக்கு" என்ற லேபிளின் கீழ் எழுதி வைத்தாள்.

வேறு எங்கே எழுதுவாள்? என் அண்ணன் சொவெத்பெக் வெளிநாட்டில், எகாதெரின்பர்க் நகரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். அங்கே கூட வேலை செய்யும் எவனோ காட்டினான் என்று குடும்பக் கணக்கு எழுதும் செயலி ஒன்றை இறக்கி, அதைத் தன் போனிலும் இங்கே எங்கள் ஊரான தோக்மோக்கில் இருக்கும் மனைவியின் போனிலும் ஒன்றாகக் கோத்துவிட்டான். உணவு, வீடு, போக்குவரத்து, ஆரோக்கியம், சேமிப்பு, பொழுதுபோக்கு என்று அதில் ஆறே லேபிள்கள். அண்ணி இங்கே செலவு செய்த ஒவ்வொரு சோம் காசுக்கும் அன்றைக்கே ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். ஒட்டிய நிமிடம் அவன் அங்கே பார்ப்பான். பொழுதுபோக்கு என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் "விருந்தினர், விழாக்கள், சந்திப்புகள்" என்று போட்டிருந்தது. சாவு வீட்டிலும் நாலு பேரைச் சந்திக்கத்தானே செய்கிறோம்? அண்ணி யோசித்தது அவ்வளவுதான்.

மறுநாள் எனக்கு அண்ணனின் போன் வந்தது. அண்ணியிடம் சண்டை போட்டால் "சரிங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அதனால் அவனுடைய கோபம் எல்லாம் என் தலையில்தான் வந்து விழும்.

"கெரெஸ், அங்க என்னதான் நடக்குது? இந்த மாசம் பொழுதுபோக்குக்கே பாதிப் பணம் போயிருக்கு. நான் இங்க பனியில பெட்டி தூக்கிச் சாகிறேன். அங்க உங்களுக்குக் கும்மாளமா?"

"முராத்தலி மாமா செத்துட்டாரு அண்ணே."

"ஐயோ பாவம். நல்ல மனுஷன். அதுக்கும் பொழுதுபோக்குக்கும் என்னடி சம்பந்தம்?"

"அதை நீயே சொல்லு. ஆறு பொட்டியைப் போட்டுக் கொடுத்தியே, அதுல சாவுக்கு ஒரு பொட்டி இருக்கா? மாட்டுக்கு வைக்கோல் வாங்கினா உணவுன்னு எழுதுறாங்க உன் பொண்டாட்டி. நாங்க வைக்கோலா திங்கிறோம்?"

"வைக்கோலை வீடுன்னு எழுதச் சொல்லு."

"மாடு வீட்டுக்குள்ளயா படுத்திருக்கு?"

அவன் வைத்துவிட்டான். மினி பஸ் நிலையத்தில் சீட்டு கிழிப்பவள் நான். நாளெல்லாம் சில்லறைக்குச் சண்டை போட்டே பழகிய வாய் இது. அண்ணனுக்கு அது தெரியும். தெரிந்தும் எனக்குத்தான் போன் போடுவான்.

அவன் கஞ்சன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய மினி பஸ் ஒன்று வாங்கும் அளவுக்குச் சேர்ந்ததும் ஊருக்கு வந்துவிட வேண்டும், தலைநகர் பிஷ்கெக் தடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும், இதுதான் அவன் கனவு. சேமிப்பு என்ற லேபிளுக்குப் பக்கத்தில் அவன் ஒரு குட்டி பஸ் படம்கூட ஒட்டியிருந்தான். இங்கே ஒரு ஆடு போனால் அங்கே பஸ்ஸின் ஒரு சக்கரம் கழன்ற மாதிரி அவனுக்கு.

அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன். நாரின் பக்கத்து மலையூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். வந்த நாளிலிருந்து தலைத்துணி நழுவியதில்லை. பகலில் தையல் பட்டறையில் சட்டைக்குக் காலர் வைக்கிறாள். விடியற்காலையில் மாடு கறக்கிறாள். இடையில் என் அப்பாவுக்கு மாத்திரை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அங்கே மாவு பிசைய ஒரு ஆள். எங்கள் ஊரில் நல்ல மருமகள் என்று கையைக் காட்டச் சொன்னால் எல்லா விரலும் அவள் பக்கம் திரும்பும். கைகாட்டியவர்களில் ஒருத்தியும் வந்து மாவு பிசைய மாட்டாள், அது வேறு கதை.

நல்ல மருமகள் என்றால் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லக் கூடாது. இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்? நானெல்லாம் என் மாமியாரைப் பெயர் சொல்லியே திட்டுவேன். அண்ணி அப்படியில்லை. பெரியப்பாவை "குதிரைக்காரர்" என்பாள். அத்தையை "மெல்லப் பேசுறவங்க" என்பாள். அத்தை பேச ஆரம்பித்தால் இரண்டு தெருவுக்குக் கேட்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனை "பிள்ளைகளோட அப்பா" என்பாள். அவன் பெயரில் சோவியத் இருப்பதால் அந்த ஆட்சிக் காலத்தையே அவள் "முன்ன இருந்த அரசாங்கம்" என்றுதான் சொல்வாள். வீட்டில் சின்னவளான எனக்கும் "குட்டிப்பொண்ணு" என்று ஒரு பெயர் வைத்தாள். இன்று நான் மினி பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை இடம் வேண்டும். இன்னும் குட்டிப்பொண்ணுதான்.

முராத்தலி விவகாரத்துக்குப் பிறகு அண்ணன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அவன் யோசிக்காமல் இருந்தாலே போதும் என்று நான் பலமுறை வேண்டியிருக்கிறேன். பொழுதுபோக்கை எடுத்துவிட்டு, சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி லேபிள் வைக்கச் சொன்னான். யார் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமாம்.

அண்ணியும் வைத்தாள். குதிரைக்காரர். மெல்லப் பேசுறவங்க. வாசல்ல வாதுமை மரம் உள்ளவங்க. பல்லு கட்டினவரு. அவளைப் பொறுத்தவரை எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"யாருடி இந்தப் பல்லு கட்டினவரு?" என்று எனக்குத்தான் போன். "மாசா மாசம் ஒரு ஆளுக்குப் பணம் போகுது. குதிரைக்காரருங்கிறா. எவன் அந்தக் குதிரைக்காரன்?"

"உன் பெரியப்பா!"

"அவர்கிட்ட ஏது குதிரை?"

"அண்ணி கல்யாணமாகி வந்தப்ப இருந்துச்சு."

"பேரைப் போட்டு எழுதுறதுக்கு என்ன கேடு?"

"நீ கட்டிக்கிட்டு வந்தது அப்படி. எங்கிட்ட ஏன் கத்துற?"

அவனே எல்லா லேபிளையும் அழித்துவிட்டு முழுப் பெயர்களாக மாற்றினான். இனி அண்ணி பட்டியலில் தட்டினால் போதும். ஆனால் புதிதாக ஒரு சொந்தக்காரர் முளைத்தால் பெயர் அடிக்க வேண்டுமே. வாயால் சொல்லக் கூடாத பெயரை விரலால் அடிக்கலாமா என்று அண்ணிக்குச் சந்தேகம். அத்தையிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "வாய் சொன்னா என்ன, விரல் சொன்னா என்ன, ரெண்டும் உன் உடம்புலதானே இருக்கு?" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். விளைவு, வேலை முடிந்து கால் கடுக்க வீட்டுக்குப் போகிற நான், வழியில் அண்ணி வீட்டில் இறங்கி, என் சொந்தக்காரர்களின் பெயர்களை நானே அடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஊரில் கல்யாணம் நடக்காத வாரம் உண்டா? நடை பழகும் குழந்தையின் காலில் கயிறு கட்டி அறுக்கிற சடங்கு நடக்காத வாரம் உண்டா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணி, நீங்க அடிச்சா வானம் இடிஞ்சு விழுமா?"

"விழாதுதான் குட்டிப்பொண்ணு. இருந்தாலும் எனக்குக் கை வரல."

"எனக்குக் கால் வரல!"

சிரித்துக்கொண்டே என் முன்னால் ரொட்டியும் வெண்ணெயும் வைப்பாள். இவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

இந்த லட்சணத்தில் அவளுக்குக் கண்ணும் மங்க ஆரம்பித்தது. காலர் காலராகத் தைத்த கண். போனில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றதும், கடைக்காரன் ஒருவன் திரையில் வருவதையெல்லாம் போனே வாய்விட்டுப் படிக்கும்படி செய்து கொடுத்துவிட்டான். வானொலியில் செய்தி வாசிக்கிறவள் போல ஒரு பெண் குரல். அண்ணிக்கு ஒரே சந்தோஷம். இது எதிலாவது கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

முராத்தலியின் நாற்பதாம் நாளுக்கு வந்த பெரியவர்கள் சிலர் எங்கள் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கும் வந்தார்கள். அண்ணி விருந்து வைத்தாள். கறி, நூடுல்ஸ், சூப்பு எல்லாம் முடிந்து, ஆசீர்வாதம் சொல்ல அப்பா கையை விரித்தார். எல்லோரும் கையை விரித்துத் தலை குனிந்தார்கள். அண்ணி கதவோரம் கைகட்டி நின்றாள்.

அப்போது அண்ணியின் பாவாடைப் பைக்குள்ளிருந்து அந்தப் பெண் உரக்கச் சொன்னாள்: "தாஷ்தான். வரம்பு மீறியது."

தாஷ்தான் என்பது என் அப்பா.

அவருடைய சிறுநீரக மாத்திரைக்கு, மாதம் இவ்வளவுதான் என்று வரம்பு போட்டு அண்ணன் வைத்த லேபிள் அது. அண்ணி வாழ்நாளில் ஒரு தடவைகூட உச்சரிக்காத பெயர். மாமனார் முகத்துக்கு நேராக, அதுவும் மொட்டையாக, அவள் இடுப்பிலிருந்தே வந்தது. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பைக்குள் கையை விட்டு அந்தப் பெண்ணின் கழுத்தை நெரிக்கப் பார்த்தாள். பதற்றத்தில் எதை அழுத்தினாளோ, அந்தப் பெண் இன்னும் ஒருமுறை சொன்னாள்: "தாஷ்தான். வரம்பு மீறியது."

"யாரும்மா அது?" என்றார் அப்பா. "நான் என்ன வரம்பு மீறினேன்?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயை அவளே பொத்தி நான் பார்த்தது அன்றுதான். பெரியவர்களில் ஒருவருக்குச் சிரிப்புத் தாங்காமல் இருமல் வந்துவிட்டது. அப்பாவும் சிரித்துவிட்டு ஆசீர்வாதத்தை முதலிலிருந்து சொன்னார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அண்ணி மட்டும் அடுத்த சில நாள் அப்பாவின் முன்னால் வரவே கூசினாள். மாத்திரையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆறு பொட்டியைக் கண்டுபிடித்தவன் எதிரில் இருந்திருந்தால் அவனையும் ஒரு பொட்டியில் போட்டு மூடியிருப்பேன்.

அந்த வாரம்தான் கவனித்தேன். அண்ணி காலரைத் தைத்துக்கொண்டே துணி மேலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி அது?"

"கறுப்பு நூலு. எடுக்க எடுக்க வருது."

வெள்ளைத் துணி. அதில் ஒரு நூலும் இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். ஓரத்துல மின்னல் மாதிரி வேற வெட்டுது. தூங்கினா சரியாயிடும்."

தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். தோக்மோக் கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "விழித்திரையில கிழிசல் விழுந்திருக்கு. பிஷ்கெக்குக்குப் போயி இந்த வாரத்துக்குள்ள லேசர் வெச்சு ஒட்டிடுங்க. இப்பன்னா சின்ன வேலை. தள்ளிப்போட்டா மொத்தமா கழண்டுக்கும். அப்புறம் அந்தக் கண்ணு திரும்பாது" என்றாள். தையல்காரிக்கு ஒரு கண் போனால் என்ன மிச்சம்? அவ்வளவு பெரிய தொகைகூட இல்லை அது. அண்ணி பட்டறையில் வாங்கும் சம்பளத்தில் பாதி. அந்தச் சம்பளமும்தான் அந்தப் பொட்டிகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

அண்ணனிடம் நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம், நானே கேட்கிறேன் என்றாள். கேட்ட லட்சணத்தைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஏங்க, கண்ணு கொஞ்சம் சரியில்லைங்க. பிஷ்கெக் போகணுமாம்."

"போயிட்டு வா. எந்த லேபிள்ல எடுப்ப?"

"ஆரோக்கியம்..."

"ஆரோக்கியம் இந்த மாசம் நிரம்பிடுச்சே. அப்பா மாத்திரைக்கே பத்தலைன்னு அதைத் தனியாப் பிரிச்சேன், அதுவும் தாண்டிடுச்சு. ஒண்ணாம் தேதி எல்லாம் புதுசாத் திறக்கும். அப்பப் போ. சேமிப்பை மட்டும் தொட்டுடாத."

"சரிங்க."

அவ்வளவுதான். கண் போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனைப் பிடுங்குவதற்குள் அவன் வேலைக்குள் போய்விட்டான். அதன் பிறகு எடுக்கவில்லை.

"ஏன் அண்ணி சொல்லல? கண்ணு அவிஞ்சு போயிடும்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?"

"கேட்டா பயந்துடுவாரு. தனியா இருக்கிற மனுஷன்."

"சரி, நான் தரேன். நாளைக்கே போலாம்."

"உங்கிட்ட வாங்கினா அதை எந்த லேபிள்ல எழுதுறது?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். உண்மையிலேயே அடித்துக்கொண்டேன், சிவந்துவிட்டது. போனை அவளிடமிருந்து வாங்கி லேபிள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளினேன். அப்பா பெயர் இருக்கிறது. பெரியப்பா, அத்தை இருக்கிறார்கள். ரோட்டில் பார்த்தால் அடையாளம் தெரியாத ஒன்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள். செத்துப்போன முராத்தலிக்கு ஒரு லேபிள். மாட்டுக்குக்கூடக் கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டது.

"உங்க பேரு எங்க அண்ணி?"

"என் பேரு எதுக்கு?"

"உங்களுக்குன்னு ஒரு செலவு வந்தா எங்க எழுதுவீங்க?"

அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். அப்படி ஒரு செலவு வந்ததாக இரண்டு பேருக்குமே நினைவில்லை. அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டைகூட நான் கழித்துக் கொடுத்தது. கோபமாக இருக்கும்போது அழுகையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

"நான் அடிக்கிறேன் பாருங்க," என்று புதிய லேபிளைத் திறந்தேன்.

"கொடு," என்றாள் அண்ணி. "இதை நானே அடிக்கலாம்ல? இந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். சேமிப்பைத் திறந்தாள். மருத்துவமனைக்குப் பணத்தைக் கட்டினாள். புது லேபிளைத் தட்டினாள். செய்தி வாசிக்கிற பெண் அடுப்படி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "சைராகூல்."

அண்ணி திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். யாரோ வந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் போன் அடித்தது. இத்தனை நேரம் எடுக்காதவன், பஸ் படத்திலிருந்து பணம் போனதும் ஓடி வந்துவிட்டான். அண்ணி ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னால் கிடங்கின் இரைச்சல்.

"சேமிப்புல இருந்து பணம் போயிருக்கே! யாரு அது சைராகூல்? எந்த வீட்டு ஆளு? சாவா, கல்யாணமா?"

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் சேர்த்து வைத்தது மொத்தமும் நாக்கு நுனியில் வந்து நின்றது. அண்ணி கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

"நம்ம வீட்டு ஆளுதாங்க," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "சாகல. கண்ணுல கிழிசலாம். இந்த வாரம் ஒட்டலைன்னா கண்ணு போயிடுமாம். நாளைக்கு ஒட்டப் போறா."

அந்தப் பக்கம் ஒரு பெட்டி தொப்பென்று விழுந்தது.

"நீயா?" என்றான் அண்ணன்.

"ஆமாங்க."

"சைரா..." என்று ஆரம்பித்தான். அழுதானா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தால் நல்லதுதான், அழட்டும்.

மறுநாள் காலை முதல் மினி பஸ்ஸுக்கு அண்ணி வந்தாள். நல்ல தலைத்துணி கட்டியிருந்தாள். காசை என் ஜன்னலுக்குள் நீட்டியவள் கையை எடுக்கவில்லை.

"குட்டிப்பொண்ணு, இதைப் போக்குவரத்துல எழுதவா, சைராகூல்ல எழுதவா?"

"அண்ணி, பின்னாடி வரிசை நிக்குது! முதல்ல ஏறுங்க!"

ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து போனை மூக்கருகே வைத்துத் தட்டினாள். வண்டி புறப்படும்போது அந்தப் பெண் பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒரு பெயரைச் சொன்னாள். போக்குவரத்து என்று சொல்லவில்லை.

கண் பிழைத்துவிட்டது. காலர் வைக்கிறாள். இல்லாத நூலைக் கிள்ளுவதில்லை. சொந்தக்காரர் பெயர்களை அடிக்க இன்னமும் நான்தான் போய்த் தொலைகிறேன். எல்லா லேபிளுக்கும் அண்ணன் மாத வரம்பு வைத்திருக்கிறான். அந்த ஒரு பெயருக்கு மட்டும் இன்றுவரை வைக்கவில்லை. வைத்துத்தான் பார்க்கட்டுமே.